நேரம் பார்க்காத கார்டிசோல்

மார்ச் 4

தங்கையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனான கார்டிசோல் 4.1 மைக்ரோகிராம், பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்து. மாதக்கணக்காகச் சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல், நாளுக்கு நாள் உடல் மெலிவு. அந்த ஒரு சொல்லைக் கண்டதும், காரணம் பிடிபட்டுவிட்டது என்று அழுதேவிட்டாள்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் தாளை வாங்கியதும் முதலில் தேடியது எண்ணை அல்ல, ரத்தம் எடுத்த நேரத்தை. மாலை 4.20. "இதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாதம்மா" என்றார். கார்டிசோல் விடியலில் ஏறும். காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தை ஒட்டி இருக்கும். பிறகு இறங்கிக்கொண்டே போய் நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடும். மாலையில் 4.1 என்பது நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கும் வரலாம். தாளில் அச்சிட்டிருந்த இயல்பு அளவு காலை நேரத்துக்கு உரியது. இரவில் வேலை செய்து பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறிவிடும்.

ஆனாலும் அவர் அவளைச் சும்மா அனுப்பிவிடவில்லை. உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ரேகைகள் கறுத்திருந்தன, ஈறிலும் கருந்திட்டு. "உப்பு தேடுகிறதா?" என்று கேட்டார். "வெறும் உப்பையே எடுத்து நாக்கில் வைத்துக்கொள்கிறேன் டாக்டர்" என்றாள். ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பார்த்தார். நின்றதும் சரிந்தது.

மார்ச் 5

காலை எட்டு மணிக்கு ஆய்வகம். ஊசி போடுவதற்கு முன் நீண்ட விசாரணை. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் உண்டா, தோலுக்குக் களிம்பு தடவுகிறீர்களா, மூட்டில் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இவற்றில் எல்லாம் ஸ்டீராய்டு இருக்கலாம். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு அட்ரீனலைத் தூங்க வைத்துவிடும். பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சில கருவிகள் கார்டிசோல் என்றே எண்ணிவிடுமாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையின் விளைவு இதற்கு நேர்மாறு: ரத்தத்தில் கார்டிசோலைச் சுமக்கும் புரதம் பெருகுவதால், உண்மையில் பற்றாக்குறை இருந்தாலும் அளவு நிறைவாகத் தெரியும். முடி வளர்ச்சிக்கென்று பலர் விழுங்கும் பயோட்டினும் சில பரிசோதனைகளைக் குழப்பும். கேட்காமலே ஊசி ஏற்றும் ஆய்வகங்கள் இருப்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

அட்ரீனலைத் தூண்ட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் ஏசிடிஎச். அந்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாய். அந்த இளைஞர் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார். அடுத்த நொடியே பனிக்கட்டிக் கிண்ணத்தில் செருகிவிட்டு, வேறு யாரையும் கவனிக்காமல் உள்ளே ஓடினார். வெதுவெதுப்பில் கிடந்தால் ஏசிடிஎச் சிதைந்துபோய் அளவு பொய்யாகக் குறைந்துவிடும். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

மார்ச் 5, இரவு

காலைக் கார்டிசோல் 3.8. காலையில் 3-க்குக் கீழே போனால் பற்றாக்குறை கிட்டத்தட்ட உறுதி. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நடுவில் நிற்பவர்களின் அட்ரீனலை ஊசியால் தூண்டிப் பார்க்க வேண்டும். மருத்துவர் நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் எந்த முடிவுக்காகவும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், கார்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதை அவள் தலையணை அருகே வைத்திருக்கிறேன்.

உறவினர் ஒருவர், 'அட்ரீனல் களைப்பு' என்று சொல்லி, நான்கு வேளை எச்சில் எடுத்து அனுப்பும் பெட்டியை வாங்கச் சொன்னார். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்பதில்லை. எச்சிலில் கார்டிசோல் பார்ப்பது போலி அல்ல; கார்டிசோல் மிகுந்து வரும் குஷிங் நோயைச் சந்தேகித்தால் பின்னிரவு எச்சில் உண்மையிலேயே உதவும். களைத்துப் போனவர்களிடம் வரைபடம் காட்டிச் சத்து மாத்திரை விற்பது வேறு. அந்தப் பெட்டியோடு இவள் இன்னும் எத்தனை மாதம் வீணாக்கியிருப்பாளோ.

மார்ச் 6

தூண்டல் பரிசோதனை. செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி. ஊசிக்கு முன்னும், அரை மணியிலும், ஒரு மணியிலும் ரத்தம். நல்ல சுரப்பி என்றால் துள்ளி எழுந்து 18-ஐ எட்டும். புதிய முறைக் கருவிகளில் இந்த எல்லை இன்னும் சற்றுக் குறைவு. எந்தக் கருவி என்று கேட்காமல் எல்லையைச் சொல்லக் கூடாது என்றார் மருத்துவர்.

எதிர்த் திசையில், அதாவது கார்டிசோல் மிகுதி என்று, சந்தேகம் வந்தால் அடக்கிப் பார்க்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மில்லிகிராம். மறுநாள் காலையில் கார்டிசோல் 1.8-க்குக் கீழே இறங்க வேண்டும். எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் அதற்காகத்தான் வந்திருந்தார்.

கடைசி ரத்தம் எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் தங்கைக்கு ஹைட்ரோகார்டிசோனைத் தொடங்கிவிட்டார். ரத்தம் ஏற்கெனவே குழாயில் இருக்கிறது, இனி தாமதிக்க ஒரு காரணமும் இல்லை என்றார்.

மார்ச் 10

முடிவுகள். கார்டிசோல் 4.0, 4.6, 4.7. ஊசி போட்டும் அசையவில்லை. ஏசிடிஎச் 400-ஐத் தாண்டிவிட்டது. இயல்பு ஏறத்தாழ 60-க்குள். கூலியாள் கை ஓய்ந்தால் மேஸ்திரியின் சத்தம் ஏறுவதுபோல், பிட்யூட்டரி விடாமல் கூவிக்கொண்டிருந்திருக்கிறது. பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் ஏசிடிஎச் குறைவாகவோ, கார்டிசோல் தாழ்ந்தும் உயராமலோ இருந்திருக்கும். அளவு மீறிய ஏசிடிஎச் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால்தான் ரேகை கறுத்தது. லண்டனில் தாமஸ் அடிசன் 1855-இல் அட்ரீனல் செயலிழக்கும் இந்த நோயை விவரித்தபோது ஹார்மோன் என்ற சொல்லே கிடையாது. தோலையும் தளர்ச்சியையும் பார்த்து, இறந்தவர்களின் அட்ரீனலைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

உடலில் உப்பைத் தக்கவைக்கும் அட்ரீனல் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோன் தாழ்வு, அதைத் தூண்டிவிடும் ரெனின் உயர்வு. உப்புத் தேட்டத்துக்கும் விடை கிடைத்தது. அட்ரீனலில் உள்ள 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருக்கிறது. அவளுடைய நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கியிருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் அட்ரீனலை அழிக்கக்கூடிய காசநோயையும் தேடி ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

மார்ச் 24

ஆல்டோஸ்டீரோனுக்கு ஈடான ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் சேர்ந்தாயிற்று. இன்று மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்தாள். "இனி அடிக்கடி கார்டிசோல் பார்க்க வேண்டுமா, அக்கா?" என்று கேட்டாள். மருத்துவரிடம் கேட்டேன். மாத்திரை போட்ட பிறகு அந்த அளவு விழுங்கிய நேரத்தைத்தான் காட்டும், அதனால் வழக்கமாகத் தேவையில்லை என்றார். எடை, நின்றபடி ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், ரெனின் ஆகியவற்றைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பாராம். அடுத்த பரிசோதனை ஏப்ரல் கடைசியில்.