எண்பது ஏக்கர்: இல்லினாய் புல்வெளியில் ஓர் ஆங்கில விவசாயியின் நாட்குறிப்பு, 1824

ஏப்ரல் 12, திங்கள்

மூன்று ஜோடி மாடு பூட்டியும் இன்றைக்குக் கால் ஏக்கர் தேறவில்லை. புல்வெளியின் வேர்ப்பின்னலைக் கொழு அறுக்கும்போது கெட்டித்துணி கிழிகிற மாதிரி சத்தம். நாலு எட்டு வைத்ததும் மாட்டை நிறுத்தி, கலப்பையில் அப்பிய கறுப்பு மண்ணைப் பலகைத் துண்டால் வழித்துப் போட வேண்டியிருக்கிறது. பசை மாதிரி ஒட்டுகிறது. இங்கிலாந்தில் சர்ரேயில் குத்தகைக்கு உழுத சுண்ணாம்பு மண் பொலபொலவென்று உதிரும். ஆனால் அது அடுத்தவர் மண். குத்தகை, சர்ச்சுக்குத் தசமபாகம், ஏழைகள் வரி எல்லாம் போக எனக்கு மிஞ்சியது முதுகுவலிதான்.

1818-ல் இங்கே அரசாங்கத்திடம் ஏக்கர் இரண்டு டாலர் என்று 160 ஏக்கர் எழுதி வாங்கினேன். கால் பங்கு கையிலிருந்து, மிச்சம் தவணை. அடுத்த வருஷமே விளைச்சலின் விலை படுத்துவிட்டது. 1821-ல் வந்த சட்டப்படி பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, கட்டிய பணத்தை மீதிக்கு வரவு வைத்துக்கொண்டேன். இப்போது 80 ஏக்கர். அதிலும் உழவு கண்டது இருபத்திரண்டுதான்.

ஏப்ரல் 29

வேலையாள் போய்விட்டான். அவனுக்குக் கப்பல் கூலி கொடுத்து பிரிஸ்டலிலிருந்து கூட்டி வந்ததே நான்தான். நூறு டாலர் சேர்ந்துவிட்டதாம். இப்போது அரசாங்க நிலம் கடனுக்குக் கிடையாது, ரொக்கம்தான், ஏக்கர் ஒன்றேகால் டாலர். அந்தக் கணக்கில் அவனுக்கும் 80 ஏக்கர்! நான் கொடுத்ததைவிட முக்கால் டாலர் குறைவு. ராத்திரி முழுக்க அந்த முக்கால் டாலர்தான் உறுத்தியது.

இங்கே வேலைக்காரன் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ‘உதவிக்கு’ வருகிறார்கள், அவ்வளவுதான். உதவிக்கு வந்தவர் நம் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். இவன் வந்த புதிதில் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். இரண்டாம் வருஷம் உட்கார்ந்தான். மூன்றாம் வருஷம் ‘எஜமான்’ போய்விட்டது.

ஜூன் 13, ஞாயிறு

எங்கள் ஊரில் ‘கார்ன்’ என்றால் கோதுமை. இங்கே மக்காச்சோளம். ஆறு வருஷமாகியும் என் வாய் மாறவில்லை. கொழுத்த மண்ணில் கோதுமை இடுப்புக்கு மேல் வளர்ந்து, ஒரு மழைக்கே சாய்ந்துவிடுகிறது. பக்கத்து நிலத்துக் கென்டக்கிக்காரர் கோதுமை பக்கமே போவதில்லை. சோளத்தைப் போட்டு, அதைப் பன்றிக்குப் போட்டு, பன்றியை உப்புக்கண்டமாக்கிப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்புகிறார்.

வேலி விஷயமும் தலைகீழ். பன்றியும் மாடும் காதில் வெட்டுக்குறியோடு காடெல்லாம் திரியும். வேலி போட்டு அடைத்து வைப்பது பயிரைத்தான்.

ஜூலை 18

கென்டக்கிக்காரர் வந்திருந்தார். “ரெண்டு அடிமை இருந்தா இந்த எண்பது ஏக்கரும் இந்நேரம் உழுதிருக்கும்ங்க” என்றார். அடிமை முறையைக் கொண்டுவருவதற்காக மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மாநாடு கூட்டலாமா என்று அடுத்த மாதம் வாக்கெடுப்பு. இங்கே எங்கள் ஆங்கிலக் குடியேற்றத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பிர்க்பெக், மாநாடு கூடாது என்று ‘ஜோனதன் ஃப்ரீமேன்’ என்ற பெயரில் ஷானீடவுன் பத்திரிகையில் எழுதிக்கொண்டே இருக்கிறார். படித்தவர். எனக்கு அவ்வளவு எழுத வராது.

மறைப்பானேன், அவர் போனபின் உழாத நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு கணக்குப் போட்டது. இரண்டு பேர், ஆறு ஜோடி மாடு, இரண்டு வருஷம். கணக்கு சரியாகவே வந்தது. வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஆல்பியன் ஊர் வரை நடந்துபோய் ‘மாநாடு வேண்டாம்’ என்று வாக்களித்தேன். சர்ரேயில் எனக்கு வாக்கே கிடையாது. இங்கே ஆறு மாதம் குடியிருந்த வெள்ளைக்கார ஆம்பிளை என்றால் போதும். அந்த ‘வெள்ளைக்கார’ என்பதை நடந்து திரும்பும்போதுதான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 19

முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் வருகிறது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் அடிக்கிறது. இன்று கையிலிருந்த தகரக் குவளை மேசையில் தடதடவென்று ஆடியதைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு அவள் முறை. காய்ச்சலுக்குக் குடிக்கும் சின்கோனா பட்டைத்தூள் தீர்ந்துபோயிற்று. களை எடுக்க ஆளில்லை.

செப்டம்பர் 26

மாநாட்டு வாக்கெடுப்பின் முழுக் கணக்கு வந்துவிட்டது. வேண்டும் 4,972. வேண்டாம் 6,640. கென்டக்கிக்காரர் இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஹார்மனி ஊரில் மதக் கூட்டமாக ஒன்றாக வாழும் ஜெர்மானியர்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகப்போகிறார்களாம். வாபாஷ் ஆற்றைத் தாண்டி அவர்களிடம்தான் மாவும் துணியும் வாங்கிக்கொண்டிருந்தோம். இனி எங்கே?

அக்டோபர் 24

நேற்று ராத்திரி மேற்கே வானம் சிவந்தது. புல்வெளித் தீ. ஆளுயரக் காய்ந்த புல், பின்னால் காற்று. வேலியைச் சுற்றி நாலு சால் உழுது வைத்திருந்தேன், அது போதாது. தீ வருமுன் அதன் வழியிலுள்ள புல்லை நாமே எரித்துவிட எதிர்த்தீ வைக்கலாமென்று நானும் மனைவியும் ஓடினோம். இருட்டில் யாரோ ஈரச்சாக்கு இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் சால் ஓரமாக அடிக்க ஆரம்பித்தார். ஏப்ரலில் போனவர்தான். சோளம் தப்பியது. வேலியில் இருபது முப்பது கட்டை போனது.

விடிந்ததும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து சோள ரொட்டி சாப்பிட்டார். புருவம் ஒன்று பொசுங்கியிருந்தது. வசந்தத்தில் மாடு மூன்று ஜோடியும் இரவல் வேண்டுமாம். அவருக்கு எட்டு நாள் உழுதால், பதிலுக்கு எனக்கு எட்டு நாள் கை கொடுப்பாராம். பத்து என்றேன். ஒன்பதில் முடிந்தது.