பீரங்கிக் குண்டுக்கு மட்டும் தனிக்குடித்தனம்

பல நாட்டுப் படைகள் சேர்ந்து சண்டைக்குப் போகும்போது எரிபொருள், உதிரிபாகம், குண்டு எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால் என்ன? மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் பல பத்தாண்டுகளாக இந்தப் பேச்சு இருக்கிறது, ஆனாலும் அவரவர் படைக்கு அவரவரே பொறுப்பு என்பதுதான் இன்னும் பெரும்பாலும் நடைமுறை. சரி, எங்கேயாவது பகிர்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தால் இரண்டு இடங்களைச் சொல்லலாம்.

ஒன்று எரிபொருள். எஃப்-34 என்ற மண்ணெண்ணெய் வகையைப் போர் விமானத்திலும் ஊற்றலாம், டீசல் எஞ்சின் லாரியிலும் டாங்கியிலும் ஊற்றலாம். யார் டேங்கர் வந்து நின்றாலும் நிரப்பிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று ஏட்டாரெஸ் என்ற விமானச் சேவைப் பரிமாற்ற ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒரு நாட்டு விமானப்படை இன்னொரு நாட்டின் சரக்கை ஏற்றிக்கொண்டு போய் இறக்கும், பணம் மட்டும் கைமாறாது. சி-130 என்ற சரக்கு விமானம் ஒரு மணி நேரம் பறப்பதை அலகாக வைத்து, வேறு ரக விமானம் போனாலும் சரி, நடுவானில் எரிபொருள் நிரப்பிக் கொடுத்தாலும் சரி, எல்லாவற்றையும் அந்த அலகுக்கு மாற்றிப் பற்று வரவு எழுதிவிடுகிறார்கள், நெதர்லாந்தின் ஐந்தோவனில் உள்ள போக்குவரத்து ஒருங்கிணைப்பு மையம் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. நாம் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுப்பது போலத்தான். பணம் என்று வந்திருந்தால் ஒவ்வொரு நாட்டு நிதி அமைச்சகமும் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்திருக்கும்!

இப்போது பீரங்கிக்கு வருவோம். 155 மி.மீ. குண்டுக்கு நேட்டோ தரம் இருக்கிறது, காகிதத்தில் எந்தக் குண்டும் எந்தப் பீரங்கிக்கும் பொருந்த வேண்டும். உக்ரைனுக்கு 2022-இல் எம்777, பிஇசட்எச் 2000, சீசர், கிராப் என்று ஆளுக்கொரு பீரங்கி போய்ச் சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குழாயின் விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது. குழாய் நீளம் வேறு, குண்டை வெளியே தள்ளும் வெடிமருந்துப் பொதி வேறு, எந்தக் குண்டை எந்தப் பொதியோடு சுட்டால் எவ்வளவு தூரம் போய் விழும் என்ற சுடும் அட்டவணையும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் வேறு. அட்டவணை இல்லாத குண்டு கையில் இருந்து என்ன பயன்? குழாய்க்குள் நுழையும், எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. போதாததற்குச் சில நாடுகள் தரத்திலிருந்து விலகும் உரிமையையும் தங்களிடமே வைத்திருக்கின்றன.

தண்டவாளக் கதை தனி. போலந்து வரை 1435 மி.மீ. பாதையில் வரும் ரயில், 1520 மி.மீ. அகலப் பாதை தொடங்கும் இடத்தில் நின்றுவிடும், அப்புறம் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். பாதையையே மாற்றுவது இரும்பும் சிமெண்டும் கேட்கிற வேலை, ஆண்டுக்கணக்காகும்.

குண்டு விஷயம் அப்படியில்லை. கூட்டுப் பயிற்சி என்று வருடா வருடம் நடத்துகிறார்களே, அதில் ஒரு நாள் பீரங்கிகளை அப்படியே வைத்துக்கொண்டு குண்டையும் வெடிமருந்துப் பொதியையும் மட்டும் நாடுகளுக்குள் மாற்றிச் சுட்டுப் பார்க்கட்டும். கிடைக்கிற அட்டவணை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். தயாரிப்பு நிறுவனங்கள் எங்கள் குண்டைத் தவிர வேறெதற்கும் உத்தரவாதம் இல்லை என்று முரண்டு பிடிக்கலாம். அதற்கான பதிலைப் பீரங்கி வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், வாங்கிய பிறகு கேட்டால் யார் தருவார்கள்?