பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன் எழுத்துருவை எடுத்து வையுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. புதியது வாங்குவது பெரிய வேலையில்லை, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் அரைநாள் போதும். நம்மவர் வீட்டுக் கணினிகளில் உண்மையான தலைவலி, யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துக் குறியாக்கத்துக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள்தான்: சங்க ஆண்டறிக்கை, கோயில் விழா மலர், தாத்தா தட்டச்சிட்ட கவிதைகள்.

கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் சேர்த்து எடுங்கள். பழைய கணினி ஓடும்போதே ஒவ்வொரு கோப்பையும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அதில் தேட முடியாது, ஆனால் பிறகு யூனிகோடுக்கு மாற்றியதைச் சரிபார்க்க மூலம் அதுதான்.

புதிய கணினியில் எழுத்துரு இல்லாமல் திறந்தால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். திஸ்கி என்ற பழைய குறியாக்கம் என்றால் தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள். நோட்பேடில் ஒட்டாதீர்கள், எழுத்துருவின் பெயர் போய்விடும். எந்தக் குறியாக்கம் என்பதற்கு அதுவே துப்பு. பாமினியில் இன்னொரு வம்பு: முழுக் கோப்பையும் மாற்றினால் நடுவிலுள்ள ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பும். வேர்டில் ஒரே வடிவமைப்புள்ள பகுதிகளைத் தேர்ந்து அவற்றை மட்டும் மாற்றுங்கள். குடும்பக் கடிதங்களை இணையத்தில் ஏற்றுவானேன்? என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் கணினியிலேயே ஓடும்.

மாற்றியபின் கொம்பு வரும் சொற்களைப் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டது, யூனிகோடில் பின்னால் சேமிக்கப்படுகிறது. மட்டமான மாற்றி 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' (கெ, ள என்று இரண்டு எழுத்தாக) ஆக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது.

கணினி உயிர்பெறவே இல்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரம் போதும். 3.5 அங்குலத்துக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் டிஸ்க் சுழலாது, "செத்துவிட்டது" என்று தவறாக முடிவுகட்டுவார்கள்.

புதியதை வீட்டுக்குக் கொண்டுவரும் கடையே பழையதை ஒன்றுக்கு ஒன்றாக இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2021 ஜூலையிலிருந்து சிங்கப்பூரின் மின்கழிவு விதி அது. டிஸ்க்கை மட்டும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். குவிக் ஃபார்மட் ஹார்ட் டிஸ்க்கிலுள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. முழுதும் மேலெழுதுங்கள், அல்லது தட்டில் துளை போடுங்கள்.