பழகுநரின் பணம் போய்ச் சேர்ந்த இடம்

கோவை கணபதியில் 14 பேர் வேலை பார்க்கும் எங்கள் லேத் பட்டறைக்குத் தொழிற்பழகுநரை எடுப்பது கட்டாயமில்லை. 30 பேர் இருந்தால்தான் கட்டாயம். ஆனாலும் மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்காததால், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தேனிப் பக்கத்துப் பையன் ஒருவனை நாங்களே பழக்குவதென்று முடிவு செய்தேன்.

அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் நிறுவனப் பதிவு ஒரே நாளில் முடிந்தது. ஆனால் மாற்றுச் சான்றிதழில் முன்னெழுத்தும், ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும் இருந்ததால் ஒப்பந்தம் இருமுறை திரும்பி வந்தது.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. பழகுநருக்கு மாதந்தோறும் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், மத்திய அரசின் பங்கு. முன்பு முதலாளிக்குத் திருப்பித் தரப்பட்ட அந்தத் தொகை, 2023 முதல் பழகுநரின் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. நான் நிர்ணயித்த 7,000 ரூபாயில் 5,500 ரூபாயை மாதந்தோறும் கொடுத்து, அந்த விவரத்தைத் தளத்திலும் பதிந்துவந்தேன் (பதியாவிட்டால் அரசுப் பங்கு நகராது). மூன்று மாதமாகியும் மீதித் தொகை வரவில்லை. "முதலாளி, பிள்ளை காசுல ஏதும் பிடிக்கிறீகளா?" என்று அவன் தாயார் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு முகம் கூசியது.

வங்கிக்குப் போனோம். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறையும் அதே பதில். கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கைத் வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்தின் (NPCI) பதிவில் இணைப்பது வேறு என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. பார்த்தால், பள்ளியில் கல்வி உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு தொடாமலே விட்ட ஊர்க் கணக்கு!

ஒப்புதல் படிவம் தீர்ந்துவிட்டதென்று மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பப்பட்டோம். நான்காம் முறைதான் மாற்றினார்கள். பழைய கணக்கில் கிடந்த 4,500 ரூபாயை எடுக்க, பையன் ஒருநாள் விடுப்பில் ஊருக்குப் போய், முடங்கிய கணக்கை உயிர்ப்பித்து வந்தான்.

மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரைதான் பழகுநர்களை எடுக்கலாம் என்ற வரம்பின்படி எங்களுக்கு இன்னும் ஒருவருக்கு இடமுண்டு. போன வாரம் வந்த அடுத்த பையனிடம் சான்றிதழைக் கேட்கும் முன்பே அந்த இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். அவனுடையதும் பள்ளிக் காலத்துக் கணக்கில்தான் இருந்தது.