கிருஷ்ணகிரி லைசென்ஸைக் கொடுத்து ஜெர்மன் லைசென்ஸ் வாங்கிய கதை

ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். போன வாரம் காவேரிப்பட்டணத்தில் மச்சான் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மகன் பேச்சை ஆரம்பித்தான். நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறான். "மாமா, நம்ம லைசென்ஸ் அங்க செல்லுமா?" என்றான். செல்லும், ஆறு மாதம். அதற்கு அப்புறம் என்ன என்று சொல்ல ஆரம்பித்து மணி பதினொன்றாகிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லைசென்ஸ் எடுத்தது 2004-ல். தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே வருஷம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பைக்கில் எட்டுப் போட்டு, காரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டி வாங்கியது. அன்றைய விதிப்படி இருபது வருஷம் செல்லும். அது முடியும் காலத்தில் ஜெர்மனியில் இருப்பேன் என்று யார் நினைத்தார்கள்?

ஓசூரில் வேலை பார்த்த கம்பெனி வழியாக 2023 செப்டம்பரில் ஜெர்மனி போனேன். கிளம்பும் முன் ஆயிரம் ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு வருஷம் என்று போட்டிருந்ததால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்துவிட்டேன். தப்பு. ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு. கையில் எந்தப் பெர்மிட் இருந்தாலும் ஏழாவது மாதம் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும். அந்தப் பெர்மிட் உண்மையில் நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்புப் புத்தகம் மாதிரி, அவ்வளவுதான்.

சில நாட்டு லைசென்ஸ்களைத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நாம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். ஒரே சலுகை, புதிதாகக் கற்கும் ஜெர்மன்காரர் போல இத்தனை வகுப்பு கட்டாயம் என்ற விதி நமக்குக் கிடையாது. காசு மிச்சமாகும் இடம் அதுதான். ஆனால் இந்தச் சலுகை வேண்டுமென்றால் நம்மூர் லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அங்கே குடியேறும் முன்பே எடுத்ததாகவும் இருக்க வேண்டும்.

நவம்பரில் அங்கே லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். பாஸ்போர்ட், குடியிருப்புப் பதிவுச் சான்று, போட்டோ, கண்ணாடிக் கடையில் எடுத்த கண் பரிசோதனைச் சீட்டு, முதலுதவி வகுப்புச் சான்று, லைசென்ஸின் மொழிபெயர்ப்பு எல்லாம் இருந்தன. முதலுதவி வகுப்பு ஒரு முழு நாள், முக்கால் மணி நேரப் பாடங்கள் ஒன்பது. எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. பக்கத்தில் இருந்த பெண் பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது நானும் அழுத்தினேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட்டில் என் பெயர், குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் முழுசாக. லைசென்ஸில் என் பெயர், பின்னால் ஒரு 'சி', புள்ளி. பேனா முனையை அந்த 'சி' மேல் வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். "அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர்?" எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, "இருக்கிறதே" என்றார். லைசென்ஸில் இன்னாரின் மகன் என்ற வரியில் அப்பா பெயர் இருப்பதைக் காட்டினேன். அது அப்பாவின் பெயர், உங்கள் பெயர் இல்லை என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இனிஷியல் என்ற சங்கதியை அரைகுறை ஜெர்மனில் எப்படி விளக்குவது? இரண்டிலும் ஒரே பெயர் வேண்டும் என்று ஃபைலைத் திருப்பித் தந்துவிட்டார்.

நல்லவேளை பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். என் லைசென்ஸ் 2024 ஆகஸ்டில் முடிய இருந்தது. முன்பு போலன்றி, இப்போது முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே ரின்யூவல் செய்யலாம். லைசென்ஸ் வேலைகளுக்கான மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் ரின்யூவலையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே போட்டேன், பாஸ்போர்ட்டை ஆதாரமாக வைத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது என்பதால் டாக்டர் சான்று கேட்கவில்லை. நாற்பது தாண்டியிருந்தால் அதற்கும் அலைய வேண்டியிருக்கும். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் ரின்யூ செய்தால் பத்து வருஷம் தருகிறார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் கார்டு கைக்கு வந்தது. பெயர் எழுத்துக்கு எழுத்து சரி.

பிப்ரவரியில் அதே மேசை, அதே அம்மையார். இந்த முறை பேனா தேதியில் போய் நின்றது. "இது ஜனவரி 2024-ல் கொடுத்த கார்டு. நீங்கள் செப்டம்பரிலேயே இங்கே குடியேறிவிட்டீர்களே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெயரைச் சரிசெய்யப் போய்ப் புது வம்பை இழுத்துக்கொண்டேனா? நம் புது மாதிரி கார்டில் முதன்முதலில் கொடுத்த தேதி என்று தனியாக ஒன்று அச்சாகியிருக்கும். சின்ன எழுத்து, நான் அதுவரை கவனித்ததே இல்லை. அவரே கண்டுபிடித்தார். 2004. தலையாட்டி முத்திரை குத்தினார்.

அனுமதிக் கடிதம் வரச் சில வாரங்கள் ஆயின. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. முப்பது கேள்வி. ஒவ்வொரு தப்புக்கும் இரண்டு முதல் ஐந்து வரை தண்டனைப் புள்ளி, பத்தைத் தாண்டினால் போச்சு. ஐந்து புள்ளிக் கேள்விகளில் இரண்டு தப்பானாலும் போச்சு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் பழகினேன், முதல் தடவையிலேயே தேறினேன்.

ஓட்டும் தேர்வுதான் ஆளை உலுக்கியது. டிரைவிங் ஸ்கூல் காரில், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, தேர்வாளர் பின் சீட்டில். 55 நிமிடம். சாலையின் வலது பக்கம் ஓட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது அவர்களுடைய 'வலதுக்கே முதல் வழி'. எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நாம் நிற்க வேண்டும், அவர் வருவது சந்து, நாம் போவது அகலமான தெருவாக இருந்தாலும். நம் ராயக்கோட்டை ரோட்டில் சந்திலிருந்து வருகிறவனுக்காக யாராவது நிற்பார்களா? எனக்கு இருபது வருஷப் பழக்கம். தேர்வில் முப்பது கிலோமீட்டர் வேகத் தெருவில், வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு சின்னக் கார் மூக்கை நீட்டியது. அவன் நிற்பான் என்று என் கால் தானாக முடிவு செய்துவிட்டது. பயிற்சியாளர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். அதோடு தேர்வு முடிந்தது. தேர்வாளர் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

மறு தேர்வுக்கு முன் ஆறு வகுப்பு எடுத்தேன், முழுக்க அந்தச் சந்துகளில். இன்னொன்று, திரும்பும் முன் கண்ணாடியைப் பார்த்தால் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், சைக்கிள்காரர் இருப்பார். தேர்வாளருக்குத் தெரியும்படி பார்க்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். கழுத்து வலிக்கத் தேர்வு எழுதியது அன்றுதான். தேறினேன். முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து மாதம், எனக்கு ஆனது 1,400 யூரோ பக்கம்.

கார்டு வாங்கப் போனபோது நம் கிருஷ்ணகிரி கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது விதி, தெரிந்துதான் போனேன். இருந்தாலும் டி.என். 24 என்று ஆரம்பிக்கும் அந்த எண்ணை அம்மையார் ஃபைலுக்குள் செருகியபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கையில் வந்த ஜெர்மன் கார்டு 15 வருஷம் செல்லும். அதற்கப்புறம் கார்டைத்தான் புதுப்பிக்க வேண்டும், மறுபடி தேர்வு கிடையாது.

மச்சான் மகன் பொறுமையாகக் கேட்டான். "சரி மாப்ள, உன் லைசென்ஸை எடு" என்றேன். பர்ஸிலிருந்து எடுத்தான். அவன் பெயர், பின்னால் ஓர் இனிஷியல், புள்ளி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. உடனே போனில் பரிவாஹனைத் திறந்தோம். ஓ.டி.பி. அவன் அப்பாவின் பழைய நம்பருக்குப் போகிறது என்று காட்டியது. அந்த சிம் இப்போது பாட்டியின் போனில். பாட்டி ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டார்.