வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை நாமே பிடிப்பது

கணினியில் டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு யூஎஸ்பி டாங்கிளைக் கொண்டு, 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் செல்லும் வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பெற முடியும். அந்த டாங்கிளில் உள்ள ஆர்டிஎல்2832யு என்ற சிப், தான் வாங்கும் ரேடியோ அலையின் மூல அளவீடுகளை அப்படியே கணினிக்கு அனுப்பக்கூடியது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்து, 2012இல் அதை ஒரு பொது ரேடியோவாக மாற்றினார்கள். அதன் பிறகு, விலை உயர்ந்த கருவிகள் செய்த வேலையின் பெரும்பகுதியை மென்பொருளே ஏற்றுக்கொண்டது.

கையால் செய்ய வேண்டியது ஆண்டெனா மட்டுமே. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒலிபரப்புவதால், அலைநீளம் ஏறத்தாழ 2.18 மீட்டர்; அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 53.4 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகளை வெட்டி, 120 பாகைக் கோணத்தில் விரித்து, மின்கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கனெக்டரில் முடுக்கினால் போதும். டாங்கிளுக்குச் செல்லும் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி ஓர் அலுமினியக் கம்பியோடும், அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பி மற்றொன்றோடும் சேர வேண்டும். ஆண்டெனாவை நிமிர்த்தாமல் தரைக்கு இணையாகப் படுக்க வைத்தால், அது வானத்தை நோக்கிக் கேட்கும். தரையிலுள்ள நிலையங்களிலிருந்து செங்குத்தாக அதிர்ந்து வரும் அலைகளும் பெருமளவு தணிந்துவிடும்.

2025இல் ஓய்வுபெற்ற நோவா 15, 18, 19 ஆகிய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களை இழந்தது எனக்கு உண்மையான வருத்தம். அவை நொடிக்கு இரண்டு வரிகளாக அனலாக் முறையில் படம் அனுப்பின. அந்த ஒலியைக் காதாலேயே கேட்க முடிந்தது. செயற்கைக்கோள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தால், படத்தின் அந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் இறைந்து கிடக்கும். தடை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், புதிதாகக் கற்பவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

இப்போது ரஷ்யாவின் மீட்டியோர் எம்2-3, எம்2-4 ஆகியவற்றையே நாடுகிறோம். இவற்றின் டிஜிட்டல் படங்கள் நோவாவின் நான்கு கிலோமீட்டருக்குப் பதிலாக ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில், மேகத்தின் ஓரங்கள் துல்லியமாகத் தெரியும்படி வருகின்றன. ஆனால், சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் மங்கலான படம்கூடக் கிடைக்காது. அந்த இடத்தில் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். அப்படி நேர்ந்தால், சிக்னலைப் படமாக மாற்றும் சாட்டம்ப் (SatDump) மென்பொருளின் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, முதலில் கேபிளின் நீளத்தைக் குறைத்து, கட்டடங்கள் மறைக்காத இடத்துக்கு ஆண்டெனாவை நகர்த்துவதே பலன் தரும். அருகில் எஃப்எம் கோபுரம் இருந்தால், அந்த ஒலிபரப்பைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை டாங்கிளுக்கு முன்னால் சேர்த்துக்கொள்வது நல்லது.