சவர்க்காரத்தில் இருக்கும் காரம்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, நான் செய்த சோப்புகளை முதன்முதலாக விற்க உட்கார்ந்த அன்று, வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதில் கெமிக்கல் எதுவும் இல்லையே?" இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் அங்கேயே வாங்கியிருப்பார்கள். ஆனால் பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, ஏட்டில் இருப்பதை இல்லை என்று சொல்ல நா எழவில்லை. காஸ்டிக் சோடா என்னும் காரம் இல்லாமல் கட்டிச் சோப்பு செய்ய முடியாது என்றும், அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுவதால், சரியாக அளந்து செய்த கட்டியில் அது மிஞ்சுவதில்லை என்றும் விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் பலர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். மூதாட்டி ஒருவர் மட்டும் கடைசிவரை நின்று கேட்டார். "சோப்பைச் சவர்க்காரம்னு சொல்ற சொல்லுலேயே காரம் இருக்கே, அதுக்கு ஏம்மா இவ்வளவு விளக்கம்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கட்டிகள் வாங்கிக்கொண்டு போனார். அன்று விற்றவை மொத்தம் ஐந்து.

நான் அதிகம் செய்யும் சோப்பில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 300 கிராம் தேங்காய் எண்ணெயும் 700 கிராம் ஆலிவ் எண்ணெயும் சேரும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 கிராம் போதும். இரண்டையும் கூட்டினால் 149 கிராம் வருகிறது. அதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 142 கிராம் மட்டுமே போடுவேன்; அப்போது சிறிதளவு எண்ணெய் மாறாமல் தங்கி, குளித்த பின் தோல் இழுத்துப் பிடிப்பதைக் குறைக்கும். தேங்காய் எண்ணெயைக் கூட்டினால் நுரை கூடும், வறட்சியும் கூடும். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கொட்ட வேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தக் கரைசல் 80 டிகிரியைத் தாண்டுவதை முதல்முறை வெப்பமானியில் பார்த்தபோது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே, சன்னலைத் திறந்துவைத்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து இந்த வேலையைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

நான் பாடம் படித்த குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டவர் எழுதியவை. தேங்காய் எண்ணெயை முதலில் உருக்கிக்கொள்ளுங்கள் என்று அவை தொடங்கும். 24 டிகிரிக்கு மேல் அது தானே உருகிவிடும். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அது உறைந்து நான் பார்த்ததே இல்லை. ஊற்றிய அச்சைக் கம்பளி போட்டு மூடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். தேங்காய்ப்பால் சேர்த்த சோப்பை அப்படி மூடிவைத்தபோது, பாலில் உள்ள சர்க்கரையும் சூட்டைக் கூட்ட, அது அச்சின் நடுவே பிளந்து எரிமலைபோல் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. இப்போது பாலை உறையவைத்துக் கட்டிகளாகத்தான் சேர்க்கிறேன். கம்பளி அலமாரியில் கிடக்கிறது.

மஞ்சள் தந்த பாடம் வேறு வகையானது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மஞ்சள்தூளைச் சேர்த்துப் பொன்னிறச் சோப்பு செய்யலாம் என்று நினைத்தேன். கலவை செங்கல் நிறத்துக்கு மாறியதும், தூளில் கலப்படம் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டிவிட்டேன். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது சோப்புச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கட்டிகளின் சிவப்பு நாளடைவில் மங்கி, காவியில் வந்து நின்றது.

இயற்கை என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த மயக்கம் தெளிந்தது சோப்பில் அல்ல, கற்றாழைக் களிம்பில். வீட்டு வாசலில் தொட்டியில் வளர்த்த கற்றாழையை வழித்து, பன்னீரும் பாதாம் எண்ணெயும் சேர்த்து, கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பொருள் எதுவும் போடாமல் ஒரு களிம்பு செய்தேன். இரண்டு வாரம் முடிவதற்குள் மூடியின் உள்பக்கத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. பாதுகாப்புப் பொருள் இல்லாவிட்டால், தண்ணீர் உள்ள எந்தக் களிம்பிலும் கிருமி வளரும். நம் ஊர்ச் சூட்டில் விரைவாகவே வளரும். நல்ல வேளையாக அதை விற்கத் தொடங்கியிருக்கவில்லை. இப்போது தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் கலந்த, தண்ணீரே இல்லாத தைலக்கட்டிதான் செய்கிறேன். கேட்பவர்களிடம், பாதுகாப்புப் பொருள் தீங்கானது என்பதால் அதைத் தவிர்க்கவில்லை, இதற்குத் தேவைப்படவில்லை என்று சொல்கிறேன். இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை.

அழகுசாதனப் பொருளை விற்பனைக்கு விடுமுன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்; ஆசியான் விதிகளை ஒட்டி 2008ஆம் ஆண்டு முதல் இருக்கும் நடைமுறை இது. சேர்பொருள்கள் அனைத்தையும் அனைத்துலகப் பெயரில் அச்சிட வேண்டும் என்பதால், நம் வேப்பெண்ணெய் உறையில் 'மீலியா அஸாடிராக்டா' ஆகிவிடுகிறது. நோயைக் குணமாக்கும் என்று அழகுசாதனப் பொருளின் உறையில் எழுதக் கூடாது. தொடக்கத்தில் இது எரிச்சலாக இருந்தது. வேப்பெண்ணெய் என்றாலே நம்மவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தானே. பிறகு ஒரு தாய், மகனின் முழங்கை மடிப்பில் தடித்து வெடித்திருந்த தோலைக் கைப்பேசியில் காட்டி, "இதுக்கு எந்த சோப்புக்கா கேட்கும்?" என்று கேட்டார். எந்தச் சோப்பும் காரத்தன்மை உடையது, வெடித்த தோலுக்கு என்னுடையதும் எரியும், பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். அந்த விதியின் மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றோடு போனது.

இந்தத் தொழிலில் காசைவிட அதிகம் செலவாவது காத்திருப்புதான். வெட்டிய கட்டி நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் உலர்ந்தால்தான் நீர் வற்றி இறுகும். இல்லாவிட்டால் குளியலறையில் ஒரே வாரத்தில் கூழாகிவிடும். பெரிய ஆலைகளில் பலவும் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் என் கட்டியிலேயே தங்குகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், மழை நாளில் அலமாரியில் இருக்கும் சோப்பெல்லாம் வியர்த்து நிற்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தபோது எட்டு வெள்ளி விலைக்கு விற்கும் ஒரு கட்டியில் நிற்கும் இலாபம் பாதியாகிவிட்டது. தீபாவளியும் மழையும் இங்கே ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

சென்ற தீபாவளிக்கு முன்பு, விருந்தினருக்குக் கொடுக்க அறுபது கட்டிகள் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார். அலமாரியில் சரியாக அறுபத்து நான்கு இருந்தன; ஆனால் வெட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "பார்க்க நல்லாத்தானே இருக்கு, குடுங்கக்கா" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றேன். அவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். அந்தக் கட்டிகள் பொங்கல் வரை மூன்றும் நான்குமாக விற்றன. கடைசி நான்கை நாங்களே தேய்த்துக் குளித்தோம்.